கடைசியாக வரும் விரதம்

பந்தயம் என்ற ஒன்று இவ்வுலகில் தோன்றிய நாள்முதல், அதில் கடைசியாக வருவதற்கென்றே உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்த மனிதர் ஒரே ஒருவர்தாம். அவர் தருமபுரியில், எங்கள் வீட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியறையில் குடியிருந்தார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் அச்சம் வரும். பிறகுதான் சிரிப்பு வரும். இந்த வரிசை இன்றுவரை மாறவில்லை.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். பெற்றவர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் அவர் கடைசிக்காரர். அப்படிக் கூப்பிட்டால், பட்டம் சூட்டப்பட்டவர்போல் முகம் மலர, "சொல்லுங்க" என்று திரும்புவார். ஏரியூர்ப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒற்றையாள். சொந்தமாக வெள்ளை நிறத்தில் ஒரு வாடகைக் கார் வைத்திருந்தார். பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போய், பரிசல், அருவி, மீன் வறுவல் மூன்றையும் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவருடைய தொழில்.

நாள் முழுவதும் வண்டி ஓட்டிய மனிதர் அறைக்குத் திரும்பினால் என்ன செய்வார்? காலை நீட்டிப் படுப்பார். கடைசிக்காரரோ முகம் கழுவி, நெற்றியில் நீறணிந்து, மீண்டும் வண்டி ஓட்ட உட்காருவார். இம்முறை தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால். துணி தேய்க்கும் மேசையில் ஒரு ஸ்டியரிங்கை முடுக்கி வைத்திருந்தார். காலடியில் பெடல்கள். செல்போன் கடை பாய் ஒருவர் பழையதை ரிப்பேர் பார்த்துக் கொடுத்த வீடியோ கேம். திரையில் வெளிநாட்டுச் சாலைகள்; அவற்றில் கூற்றுவனின் எருமையை வெட்கப்பட வைக்கும் வேகத்தில் கார்கள்.

அந்தியில் விளக்கேற்றிப் பதிகம் ஓதுவது என் நாற்பதாண்டு வழக்கம். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து அலைந்த நாளிலும் அதை விட்டவனில்லை. அப்பனே என்று நான் உருகிக் குரலெடுக்கும் இடத்தில் எதிர்மாடி எஞ்சின் உறுமும். இறைவன் எங்கள் இருவரில் யாருக்குச் செவி சாய்ப்பான் என்ற கவலை என்னைப் பிடித்தது. ஒருநாள் முறையிடுவதற்காக மாடியேறினேன்.

திரையில் எட்டு வண்டிகள். ஏழு பறந்துவிட்டன. இவருடையது புறப்பட்ட கோட்டிலேயே நின்றது.

"என்ன தம்பி, வண்டி கெட்டுப்போச்சா?" என்றேன்.

"இல்லீங்க ஐயா. அவங்கெல்லாம் போவட்டும்னு நிக்கிறேன்."

"பந்தயத்திலா?"

"ஆமாங்க. மொதல்ல வர்றது சுலுவுங்க. ஆக்சிலேட்டர அழுத்திக்கிட்டே இருந்தா போதும். கடைசியா வர்றதுதான் கஷ்டம். மொத வண்டி கோட்டத் தொட்ட அர நிமிசத்துல ஆட்டத்த மூடிருவாங்க. அதுக்குள்ளாறயும் வரணும், எல்லாருக்கும் பின்னாடியும் வரணும். லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்க?"

கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். நான் பதில் சொல்வதற்குள் திரையில், சற்று முன்னால், ஒரு பச்சை வண்டி சுவரில் மோதி நின்றது. கடைசிக்காரர் பதறிப்போய்த் தம் வண்டியை நிறுத்தினார்.

"அடடா, பச்ச வண்டிக்காரரு முட்டிக்கிட்டாரே! இவரு வராம நான் எப்படிங்க கடைசியா வர்றது?"

பிறகு நான் கண்ட காட்சி எந்தப் பந்தயத் திடலிலும் நடந்திராது. தம் வண்டியின் மூக்கைப் பச்சை வண்டியின் பின்புறத்தில் மெல்ல வைத்து, நோயாளியைத் தள்ளுநாற்காலியில் தள்ளிச் செல்வதுபோல் கோடுவரை தள்ளினார். கோடு வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. இருவருமே தகுதியிழந்தார்கள்.

"பரவால்லீங்க. அவருக்கு என்ன கஷ்டமோ," என்றார். "விரதந்தான் போச்சு."

விரதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் முறையீட்டை மறந்தேன். இறங்கி வந்தபோது எஞ்சின் சத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் ஒரு நோன்பாளி இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டத்தை உருவாக்கியவர்கள் வகுத்த விதி அவருக்குப் போதாது. தாமே புதிய விதிகளைத் தமக்கு விதித்துக்கொள்வார். சித்திரை மாதம் முழுவதும் திரையிலுள்ள மரநிழலில் மட்டுமே ஓட்டுவது என்று விரதம் பூண்டார். "வெயிலு தாங்காதுங்க" என்று காரணம் சொன்னார். வெளிநாட்டில் வலப்பக்கம் ஓட்டுவார்களாம். இவர் நம் நாட்டு முறைப்படி இடப்பக்கமே ஓட்டுவேன் என்று ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார். அந்த ஏழு நாளும் எதிரே வந்த வண்டிகளெல்லாம் இவர்மேல் ஏறின. பின்னோக்கியே ஒரு சுற்று முடிக்கும் விரதம்தான் உச்சம். பின்னோக்கி ஓட்டும்போது பின்னால் பார்க்க வேண்டும் அல்லவா? திரைக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பி, சுவரில் தொங்கிய காலண்டரைக் கூர்ந்து பார்த்தபடி அவர் ஸ்டியரிங்கைச் சுழற்றியதை நானே கண்ணால் கண்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் வண்டி குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஓர் அமாவாசைக்கு, பிரேக்கையே தொடாமல் ஒரு மலைப்பாதை முழுவதும் இறங்கினார். அன்று என்னை அழைத்து உட்காரவைத்துக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு வேட்டி நனைந்தது வியர்வையால்தான் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

என்னிடம் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. விரதம் பற்றித் தெரிந்தவர் என்று எண்ணி, ஐயங்களைக் கேட்பார். நானும் கேட்பவர் கிடைத்த மகிழ்ச்சியில் தீர்ப்பு வழங்கினேன்.

"விரதத்த முன்னாடியே வெளிய சொல்லலாங்களா?"

"கூடாது. சொன்னால் பலன் போய்விடும்."

"நடுவுல வுட்டுட்டா?"

"பெரும் பாவம். உயிரே போனாலும் நடுவில் விடக்கூடாது."

"தோத்துட்டா என்னங்க பண்றது?"

"முதலிலிருந்து தொடங்க வேண்டும்."

மூன்றையும் அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார். பிறர் உயிருக்கு நான் எவ்வளவு தாராளமாகத் தீர்ப்பளித்தேன் என்பது, என் வீட்டாளின் உயிர் போன்ற ஒன்று அந்த வண்டியில் ஏறியபோதுதான் விளங்கியது.

என் மனைவிக்கு இளம் வயதிலிருந்தே வலக்கண்ணில் பார்வை மங்கல். உலகத்தை இடக்கண் ஒன்றாலேயே பார்த்து, என்னையும் அந்த ஒன்றாலேயே சகித்து வந்தாள். சென்ற ஆண்டு அந்த இடக்கண்ணில் திடீரென்று திரை இறங்கியதுபோல் இருட்டியது. சேலத்து மருத்துவர் விழித்திரை விலகிவிட்டது என்றார். அறுவை செய்து ஒட்டவைத்து, உள்ளே எண்ணெய் விட்டார்கள். பிறகு அவர் சொன்னதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும்; சாப்பிடும்போதும், நடக்கும்போதும், வண்டியிலும். தலை குலுங்கக் கூடாது. ஒட்டியது மறுபடியும் விலகினால் இன்னொரு முறை ஒட்டும் என்று தம்மால் சொல்ல முடியாது.

இருந்ததே ஒரு கண். அதற்குக் கிடைத்ததும் ஒரே வாய்ப்பு.

அறுவைக்குப் பின் என் அண்ணன் மகன் தன் காரில் கொண்டுவந்து விட்டான். ஐந்தாம் நாள் மறுபரிசோதனைக்கு மீண்டும் சேலம் போக வேண்டும். அவனோ ஓசூர் வேலைக்குத் திரும்பிவிட்டான். பேருந்தைப் பற்றி நினைக்கவே முடியாது. வெளியூரிலிருந்து வேறு வண்டி பார்க்கலாம் என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில், என் மனைவி தரையைப் பார்த்தபடி, "எதுத்தாப்புல ஒரு வண்டி சும்மா நிக்குதுல்ல, அதுக்கு என்ன கேடு?" என்றாள்.

அவளுக்கு மாடியறையின் கதை தெரியாது. எனக்குத் தெரியும். தெருவில் யாரும் அவருடைய காரில் போனதில்லை. எதற்கும் கேட்டுவைப்போம் என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போனேன்.

"ஆள் எப்படி ஓட்டுவார்?"

"எனக்கு என்னங்க தெரியும்? ஒகேனக்கல் போய்ட்டு வந்து எறங்குன பெங்களூர்க்காரங்க வண்டியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அத ஒருவாட்டி பாத்தேன்."

நன்றியினாலா, உயிர் பிழைத்ததனாலா என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. மேட்டு நிலமான எங்கள் ஊர் அங்கே திடுமென்று காலடி நழுவிக் கீழே இறங்கும். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடேறித் தடுமாறும் இறக்கம். சாலையோரத்தில் உடைந்த கண்ணாடித் தூள் எந்நாளும் மின்னிக்கொண்டிருக்கும். அளவைப் பணியில் அந்தச் சரிவுகளை நடந்தே அளந்தவன் நான். எத்தனை அடி போனால் எத்தனை அடி இறங்குகிறோம் என்பது எனக்குத் தெரியும். பயப்படுவதற்கு இப்படிப்பட்ட அறிவு பேருதவி.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். என் மனைவி பின்னிருக்கையில் முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, முகத்தைத் தரைக்குக் காட்டி அமர்ந்தாள். நான் அருகில். கடைசிக்காரர் குளித்து, நீறணிந்து, பளிச்சென்று இருந்தார். வண்டியில் ஏறியதும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வருவதைப் பார்க்க வேண்டிய கண்ணாடி அது.

ஊர் எல்லை தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, இன்னைக்கு விரதம் எதுவும் இல்லையே?"

"இருக்குதுங்க ஐயா."

"என்ன விரதம்?"

"சொல்லக் கூடாதுங்களே. நீங்கதானே சொன்னீங்க."

"அது கோயில் விரதத்துக்குச் சொன்னது."

"விரதத்துல என்னங்க கோயில் விரதம், ரோட்டு விரதம்?"

இதை நான் சொல்லியிருந்தால் நானே மெச்சிக்கொண்டிருப்பேன். அவர் சொன்னதால் வியர்த்தது. சற்றுத் தூரத்தில் ஒரு சிறு பாலம். அதன் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது. கடைசிக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒன்னு," என்று முணுமுணுத்தார்.

எதில் ஒன்று? எத்தனையில் ஒன்று? கணக்கு முடிந்தால் என்ன ஆகும்? நான் பதிகம் ஓதத் தொடங்கினேன். மூன்றாம் பாடலுக்குப் பிறகு எட்டாம் பாடல் வந்தது. அதன் பிறகு வேறொரு தலத்துப் பாடல் வந்தது. நாற்பதாண்டுப் பாடம் பத்து நிமிடத்தில் கலைந்து போயிற்று.

கணவாய் தொடங்கியது. கடைசிக்காரர் கியரைக் குறைத்தார். எஞ்சின் ஒருமுறை முனகியது. நான் முன்னால் எட்டி அவர் கால்களைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வலக்கால் பிரேக்கில் இல்லை; பக்கத்தில் சும்மா கிடந்தது. முன்னால் சாலை வளைந்து பள்ளத்துக்குள் சரிந்துகொண்டிருந்தது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஒரு வளைவு. தொடவில்லை. இன்னொரு வளைவு. அமாவாசையன்று திரையில் கண்ட மலைப்பாதை என் கண்முன் விரிந்தது.

பிரேக் பிடிக்காமல் தொப்பூர் இறங்கும் விரதம்! உயிரே போனாலும் நடுவில் விடக்கூடாது என்று விதி சொன்னவன் பின்னிருக்கையில் இருக்கிறான். அவனோடு அவன் மனைவியின் ஒற்றைக் கண்ணும் இருக்கிறது.

"தம்பி," என்றேன். "ஆபத்துக் காலத்தில் விரதத்தை விடலாம். அதற்கு விதி இருக்கிறது."

"எந்தப் பதிகத்துலங்க ஐயா?"

வாழ்நாளில் முதன்முறையாக, இல்லாத ஒரு பாடலைச் சொல்லி, அதற்குப் பொருளும் சொன்னேன். கூற்றுவனின் வாசலில் நின்றுகொண்டு தெய்வத்தின் பெயரால் பொய் சொல்கிறேனே என்ற அச்சமும் மற்ற அச்சத்தோடு சேர்ந்துகொண்டது.

"ஏங்க, மேல என்ன நடக்குது?" என்று கீழேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஒன்றுமில்லை. நீ தலையை ஆட்டாதே."

"நான் எங்க ஆட்டறேன்? உங்க தொடதான் ஆடுது. இங்க ஒரு வேர்க்கடல கெடக்குது, முழுசா. சீட்டுக்கு அடியில ஒரு ஊசியும் இருக்குது."

"கடல ஒகேனக்கல் போன பொண்ணுங்க போட்டதுங்கம்மா," என்றார் கடைசிக்காரர், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல். "ஊசி யாருதுன்னு தெரியல."

இறக்கத்தில் பள்ளத்துப் பக்கமாகப் போய்க்கொண்டே இருவரும் கடலையையும் ஊசியையும் பற்றி உரையாடினார்கள். நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு லாரி. கருங்கல் பாளங்கள் ஏற்றிய லாரி. அதன் முகம் கண்ணாடி முழுவதும் நிறைந்திருந்தது. ஹாரன் ஒலித்தபோது என் நெஞ்சுக்குள்ளேயே ஒலித்தது.

"தம்பி! லாரி! கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறீர்களே, லாரி!"

"சைடு கண்ணாடில பாத்துட்டேங்க. அவரு டோல்கேட்லேர்ந்து நம்ம பின்னாடியே வர்றாரு. அவசரம் போலிருக்குது. போவட்டும்."

கடைசியாக வரும் கலையில் கைதேர்ந்தவர் அல்லவா! உடம்பு உணராதபடி வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. லாரி கடந்தபோது அதன் காற்றில் எங்கள் கார் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, "ஏன்யா, கல்யாணப் பொண்ணயா கூட்டிட்டுப் போற? வண்டியில மாட்டக் கட்டி ஓட்டு!" என்று கத்திவிட்டுப் போனார்.

"ரெண்டு," என்றார் கடைசிக்காரர், மனம் நொந்து.

கண்களை மூடிக்கொண்டேன். அஞ்சேல் என்று தூக்கிய திருக்கரத்தை நினைத்தேன். நினைவில் வந்தது, பிரேக்கைத் தொடாத ஒரு கால். சமவெளிக்கு வந்ததையும், சேலம் வந்ததையும், கடைசியாக எங்கோ "மூனு" என்று அவர் பெருமூச்சு விட்டதையும் மூடிய கண்ணோடுதான் அறிந்தேன்.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது. கடைசிக்காரர் இறங்கி, கதவைத் திறந்துவிட்டு, தலை குனிந்து நின்றார்.

"தோத்துட்டேங்க ஐயா. மூனு தடவ ஆடிருச்சு."

"எது ஆடியது?"

"அம்மா கொண்டைங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் உள்ளே கையை நீட்டிக் கண்ணாடியைக் காட்டினார். கீழ்நோக்கித் திருப்பிய அந்தக் கண்ணாடியில், குனிந்த என் மனைவியின் தலையும் அதன்மேல் சிறு கொண்டையும் நட்டநடுவில் தெரிந்தன.

"தருமபுரிலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் கொண்ட ஆடக் கூடாதுன்னு வெச்சிருந்தேங்க. பிரேக்க மிதிச்சா தல முன்னாடி போவும்னு கியர்லயே எறக்குனேன். பாலத்துல ஒன்னு, லாரி காத்துல ஒன்னு, இந்த ஆஸ்பத்திரி கேட்டுல ஒன்னு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்டர பாக்க இன்னும் நேரமிருக்குதுங்களே. திரும்ப வூட்டுக்குப் போயி, மொதல்லேர்ந்து வந்துரலாங்களா?"

என் விதியை எனக்கே வாசித்துக் காட்டினார். அவரை என்ன சொல்லித் திட்டுவது என்று நான் தேடிக்கொண்டிருக்கையில், என் மனைவி தரையைப் பார்த்தபடியே, "கேட்டுல ஆடுனதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? அத வுட்ருங்க. ரெண்டுன்னு வெச்சுக்குங்க," என்று நடுவர் தீர்ப்பு வழங்கினாள்.

மருத்துவர் பார்த்துவிட்டு, விழித்திரை பிடிப்பாக ஒட்டியிருக்கிறது என்றார். இன்னும் பத்து நாள் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும் என்றார். திரும்பும்போது கொண்டை ஐந்து முறை ஆடியது. ஏற்றத்தில் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் வண்டி உதைப்பதால், ஏற்றம் இறக்கத்தைவிடக் கொடியது என்று கடைசிக்காரருக்கு அன்றுதான் புரிந்தது. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்.

அதன்பின் மாடியில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அதுவும் எனக்கு அச்சம் தந்தது, போய்ப் பார்த்தேன். ஆட்டத்தை அணைத்துவிட்டு, ஒரு தாளில் சேலம் சாலையை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். பள்ளங்களைச் சிவப்புப் புள்ளியாக வைத்திருந்தார். தூரமெல்லாம் தப்பு. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. முப்பதாண்டு நிலம் அளந்த கை. மறுநாள் காலை நாங்கள் இருவரும் காலி வண்டியில் சேலம் வரை போய் வந்தோம். நான் மடியில் குறிப்பேட்டை வைத்துப் பாலம், பள்ளம், வேகத்தடை எல்லாவற்றையும் கிலோமீட்டர் கல் வாரியாகக் குறித்தேன். நடுவயது மனிதர் ஒருவரும் எழுபதைக் கடந்த கிழவன் ஒருவனும் சாலை நடுவில் இறங்கிப் பள்ளத்தை முழம் போட்டு அளந்ததைக் கண்டு, லாரிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் புறப்பட்டோம். நான் முன்னிருக்கையில், குறிப்பேட்டோடு. என் மனைவி பின்னால், கவிழ்ந்த தலையோடு. கணவாய்வரை ஒரு குறையுமில்லை. கணவாயும் கழிந்தது. கடைசிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சேலத்தை நெருங்குகையில், குறிப்பேட்டில் இல்லாத ஒரு புதுப் பள்ளம் கண்ணில் பட்டது.

"பள்ளம்!" என்று அலறினேன்.

வண்டி பள்ளத்தைத் தொடவேயில்லை. அவர் எனக்கு முன்பே பார்த்திருந்தார். என் அலறலில் என் மனைவிதான் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்து, மறுபடி கவிழ்ந்தாள். அவள் கண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"ஒன்னுங்க," என்றார் கடைசிக்காரர் கடைசியில். "ஐயாதான் காரணம். இருந்தாலும் விதி விதிதானுங்களே."

மருத்துவர் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் உதட்டில் ஒரு பாடல்கூட வரவில்லை. அப்பனே என்ற ஒரு சொல்லிலேயே நின்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். நன்றாக ஒட்டிவிட்டது, இனிக் கவிழ்ந்திருக்க வேண்டியதில்லை, நிமிர்ந்து உட்காரலாம், நடக்கலாம், இன்றே, இப்போதே என்றார்.

பதினைந்து நாளுக்குப் பிறகு என் மனைவி தலை நிமிர்ந்தாள். முதலில் சுவரைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியை. பிறகு என்னை. "என்னங்க, இப்படி எளச்சுட்டீங்க?" என்றாள். நான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

வாசலுக்கு வந்தோம். தொலைவில், வேப்பமர நிழலில், கடைசிக்காரர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து உள்ளே குனிந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கவனமாகக் கீழ்நோக்கித் திருப்பி, வெளியே வந்து எட்ட நின்று சரிபார்த்து, மறுபடியும் ஒரு நூல் திருப்பினார்.

என் மனைவி நின்றாள். அந்த இடக்கண்ணால் அவரை முழுதாக ஒருமுறை பார்த்தாள்.

"டாக்டர் சொன்னத அவருகிட்ட சொல்லிடாதீங்க," என்று என் காதருகில் சொல்லிவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நடந்தாள்.

அந்தத் திரும்பும் பயணத்தில் அஞ்சியதைப்போல் நான் எப்போதும் அஞ்சியதில்லை. ஏற்றம், கியர் மாற்றம், அதற்கு மேல் ஒரு பொய்யும் உடன் வந்தது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, இரு கைகளாலும் தலையை இறுகப் பிடித்து, வண்டி உதைத்தபோதெல்லாம் கழுத்தை விறைத்துக்கொண்டிருந்தாள். கொண்டை கோபுரக் கலசம்போல் அசையாமல் நின்றது. மருத்துவர் இதைக் கண்டிருந்தால் எங்கள் இருவரையும் வெளியே தள்ளியிருப்பார்.

எங்கள் வாசலில் வண்டி நின்றது. கடைசிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒரு தடவகூட ஆடலீங்க ஐயா," என்றார். "ஏத்தத்துலகூட ஆடலீங்க."

"நல்லா ஓட்டுனீங்க தம்பி," என்றாள் என் மனைவி, வண்டியின் தரைவிரிப்பைப் பார்த்து.

அவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். அவள் தடுமாறித் தடுமாறி இறங்கினாள். கடைசிக்காரர் இப்போது ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். மருத்துவர் சொன்னது அவருக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவர் எதிர்ப்புறத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்து நான் கதவைச் சாத்தித் தாழிடும்வரை, என் மனைவி தலை நிமிரவே இல்லை.